முதல் ஹாம் ரேடியோ காண்டெஸ்ட், 143 க்யூ.எஸ்.ஓ. (தொடர்புகள்), லாகை ரோபோ திருப்பி அனுப்பிவிட்டது. எங்கே தப்பு?

முதுநகர் புதியவன் (கடலூர் முதுநகர்)
29 அக்டோபர் 2025, புதன், இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். போன சனி, ஞாயிறு நடந்த சி.க்யூ. வேர்ல்ட் வைட் எஸ்.எஸ்.பி. (குரல்) காண்டெஸ்ட்டில், அதாவது உலக ஹாம்களோடு முடிந்த அளவு பேசும் போட்டியில், முதல் முறையாக உட்கார்ந்தேன். லைசென்ஸ் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு, 50 வாட். மாடியில் தண்ணீர் டேங்குக்கும் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் நடுவே கட்டிய டைபோல் (கம்பி ஆன்டெனா). இதை வைத்து 143 பேரைப் பிடித்தேன் என்பதை இப்போதும் நம்ப முடியவில்லை.

யாரோடு எப்போது பேசினேன் என்ற லாக் முழுவதும் நோட்டில்தான் எழுதினேன், நம் ஊர் நேரத்தில். திங்கள் மதியம் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றி, எல்லா நேரத்திலும் ஐந்தரை மணி நேரம் கழித்து யு.டி.சி. (உலகப் பொது நேரம்) ஆக்கினேன். கழித்து மைனஸில் போன இடங்களில் 24 சேர்த்துக்கொண்டேன். அப்புறம் காண்டெஸ்ட் கேட்கும் கேப்ரில்லோ என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றி அப்லோட் செய்தால், லாகைச் சோதிக்கும் ரோபோ மென்பொருளிடமிருந்து 19 வரிகளில் 'காண்டெஸ்ட் நேரத்துக்கு வெளியே' என்று வருகிறது. வேறு சில வரிகளில் நேரமே சரியில்லை என்கிறது.

இன்னும் சில சந்தேகங்கள். ஏற்கெனவே பேசிய நான்கு பேரிடம் அதே பேண்டில் (அலைவரிசைப் பிரிவில்) மறுபடி பேசியிருக்கிறேன். அந்த டூப்ளிகேட்டுகளை எடுத்துவிடலாமா? வானலையில் ஜோன் (உலகப் பகுதி எண்) 22 என்றுதான் சொன்னேன். ஆனால் இணையத்தில் ஒரு வரைபடத்தில் இந்தியா 41 என்று இருந்ததால் கோப்பில் 41 போட்டுவிட்டேன். எது சரி? மூன்று கால்சைன்கள் (நிலையங்களின் அழைப்புப் பெயர்கள்) எனக்கே உறுதியாக இல்லை. போனில் ஆடியோ பதிவு செய்து வைத்திருக்கிறேன், கேட்டுப் பார்த்துத் திருத்தலாமா?

கடைசியாக, வெறும் 143-ஐ அனுப்பத்தான் வேண்டுமா?

---

முத்தியால்பேட்டை டைபோல் (புதுச்சேரி)
29 அக்டோபர், இரவு 9.52

தம்பி, முதலில் வாழ்த்துகள். 50 வாட்டில் 143 என்பது நல்ல கணக்கு. கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில்: கட்டாயம் அனுப்ப வேண்டும். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

ரோபோ குறை சொன்ன 19-ல் ஒரு வரியைப் போடுங்கள். குறை சொல்லாமல் விட்டதில், ஞாயிறு விடியற்காலை பேசிய ஒரு வரியையும் போடுங்கள். உங்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது, கோப்பில் என்ன இருக்கிறது என்று இரண்டும் வேண்டும்.

---

முதுநகர் புதியவன்
29 அக்டோபர், இரவு 10.05

ஐயா, இதோ.

குறை சொன்னது: நோட்டில் 27-ம் தேதி திங்கள், அதிகாலை 2.10. கோப்பில் 2025-10-27, 2040.

குறை சொல்லாதது: நோட்டில் 26-ம் தேதி ஞாயிறு, அதிகாலை 2.35. கோப்பில் 2025-10-26, 2105.

---

முத்தியால்பேட்டை டைபோல்
29 அக்டோபர், இரவு 10.31

இதுதான் நான் நினைத்தது. நேரத்தைக் கழித்தீர்கள், தேதியைக் கழிக்கவில்லை.

நம் ஊரில் நள்ளிரவு 12-லிருந்து காலை 5.29 வரை யு.டி.சி.யில் முந்தைய நாள். திங்கள் அதிகாலை 2.10 என்றால் யு.டி.சி.யில் ஞாயிறு 26-ம் தேதி 2040. நீங்கள் 27 என்று போட்டதும் அது காண்டெஸ்ட் முடிந்து இருபது மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. ரோபோ கண்டுபிடித்துவிட்டது. அது நல்லதாகப் போயிற்று.

கவனிக்க வேண்டியது இரண்டாவது வரி. ஞாயிறு அதிகாலை 2.35 என்பது யு.டி.சி.யில் சனி 25-ம் தேதி 2105. உங்கள் கோப்பில் 26-ம் தேதி 2105 என்று இருக்கிறது. அதுவும் காண்டெஸ்ட் நேரத்துக்குள் வருகிற நேரம்தான், அதனால் ரோபோ வாயே திறக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் உங்களோடு பேசியவர் லாகில் 25-ம் தேதி என்று இருக்கும். இரண்டு லாகையும் ஒப்பிடும்போது 24 மணி நேரம் இடிக்கும். அது மாதிரி எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ரோபோ சொன்ன 19-ஐ மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால், மற்றது எல்லாம் பேசாமல் உள்ளே போயிருக்கும்.

ரோபோ பார்ப்பது கோப்பின் அமைப்பை மட்டும்தான். வரி சரியாக இருக்கிறதா, தேதி காண்டெஸ்ட் நாட்களுக்குள் இருக்கிறதா, கேட்டகரி புரிகிறதா, அவ்வளவுதான். உண்மையான சோதனை எல்லோருடைய லாகும் வந்த பிறகு, உங்கள் ஒவ்வொரு வரியையும் எதிர்ப்பக்கத்து வரியோடு பொருத்திப் பார்க்கும்போது நடக்கும்.

எக்செல்லில் தேதியையும் நேரத்தையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்துக் கழிக்காதீர்கள். இரண்டையும் கூட்டி ஒரே கட்டமாக்கி, அதிலிருந்து 5.5/24 கழியுங்கள். தேதி தானாகப் பின்னால் போகும். 24 சேர்க்கிற வேலையே வராது.

---

வில்லியனூர் 15 மீட்டர் (புதுச்சேரி)
29 அக்டோபர், இரவு 10.48

ஐயா சொன்னதோடு ஒன்று. 'நேரமே சரியில்லை' என்று ரோபோ சொல்லும் மற்ற வரிகளைப் பாருங்கள் தம்பி, அவை யு.டி.சி. நள்ளிரவுக்குப் பிந்தைய நேரமாக இருக்கும். எக்செல் 0042-ஐ எண்ணாக எடுத்துக்கொண்டு 42 என்று ஆக்கிவிடும். கேப்ரில்லோவில் நேரம் நான்கு இலக்கம். அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் ஆக மாற்றி முன்னால் பூஜ்யம் வையுங்கள். தேதியையும் எக்செல் தன் இஷ்டத்துக்கு 25/10/2025 என்று திருப்பிவிடும். வருடம், மாதம், நாள் என்ற வரிசைதான் வேண்டும், நடுவில் சிறு கோடு.

ஜோன் விஷயம். 22, 41 இரண்டுமே இந்தியாதான், ஆனால் வேறு வேறு கணக்கு. சி.க்யூ. ஜோன் 22, ஐ.டி.யூ. ஜோன் 41. இந்தக் காண்டெஸ்ட்டுக்கு 22. ஜூலையில் வருகிற ஐ.ஏ.ஆர்.யூ. எச்.எஃப். சாம்பியன்ஷிப்புக்கு 41. சொன்னது 22 என்றால் கோப்பில் அனுப்பிய எண் கட்டத்தில் 22-தான் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தார் சொன்ன ஜோனுக்கும் இதே விதி. அவர் என்ன சொன்னாரோ அதுதான் லாகில். அமெரிக்காக்காரர் ஒருவர் 3 என்று சொல்லுவார், இன்னொருவர் 4, இன்னொருவர் 5. மென்பொருள் கால்சைனைப் பார்த்து ஒன்றை ஊகித்துப் போடும், அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

பவர் வரியில் லோ என்று போடுங்கள். 100 வாட் வரை லோ, 5 வாட் வரை க்யூ.ஆர்.பி. யார் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறார்கள் என்று காட்டும் கிளஸ்டர் பக்கம் ஏதாவது பார்த்தீர்களா?

---

முதுநகர் புதியவன்
29 அக்டோபர், இரவு 11.02

அக்கா, ஞாயிறு மாலை போனில் ஒரு டி.எக்ஸ். கிளஸ்டர் பக்கத்தைத் திறந்து பத்து நிமிடம் பார்த்தேன். அதைப் பார்த்து இரண்டு ஆப்பிரிக்க ஸ்டேஷன்களைப் பிடித்தேன். 48 மணி நேரத்தில் பத்து நிமிடம்தான். அதையும் சொல்ல வேண்டுமா?

ஐயா, எண்ணிவிட்டேன். ரோபோ விட்டுவிட்ட ஞாயிறு அதிகாலை வரிகள் 27. நெஞ்சு படபடக்கிறது.

---

வில்லியனூர் 15 மீட்டர்
29 அக்டோபர், இரவு 11.10

சொல்லத்தான் வேண்டும். பத்து நிமிடமானாலும் அசிஸ்டெட், அதாவது துணையோடு ஆடியது. அந்த இரண்டு ஆப்பிரிக்க ஸ்டேஷன்களும் ஆளுக்கு ஒரு நாடு, ஒரு ஜோன் என்று, மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணில் ஏறியிருக்கும். துணையில்லாமல் நாள் முழுக்க டயலைத் திருப்பித் தேடியவரோடு அதை ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. அசிஸ்டெட் என்பது குறைவான கேட்டகரி இல்லை, வேறு கேட்டகரி.

---

மஞ்சக்குப்பம் மோர்ஸ் (கடலூர்)
30 அக்டோபர், வியாழன், காலை 6.40

ஆடியோ பதிவு பற்றி யாரும் சொல்லவில்லையே. என் கருத்து: தாராளமாகக் கேட்டுத் திருத்தலாம். அது அவர் காதில் விழுந்த ஒலிதானே? அவர் பிடித்த சிக்னல், அவர் ஆன்டெனாவில் வந்தது. அவசரத்தில் தப்பாக எழுதியதைப் பொறுமையாகக் கேட்டுச் சரியாக எழுதினால் லாக் இன்னும் உண்மையாகத்தானே ஆகும்? தப்பான கால்சைனை அனுப்பினால் எதிர்ப்பக்கத்தாருக்கும் நஷ்டம்.

---

முத்தியால்பேட்டை டைபோல்
30 அக்டோபர், காலை 7.25

மஞ்சக்குப்பம் சார், உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் இந்தக் காண்டெஸ்ட்டின் விதி இதை நேராகவே தடுக்கிறது. காண்டெஸ்ட் முடிந்த பிறகு கால்சைன்களையும் எண்களையும் டேட்டாபேஸ், ஒலிப்பதிவு, மின்னஞ்சல் எதை வைத்தும் திருத்தக் கூடாது. விதியாக இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவேன்.

போட்டி எதில்? இரைச்சலுக்கு நடுவில், பின்னால் பத்துப் பேர் கத்திக்கொண்டிருக்கும்போது, அந்த நொடியில் சரியாகக் கேட்டு எழுதுவதில். சந்தேகம் வந்தால் அப்போதே 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்கலாம். அதற்கு ஐந்து விநாடி ஆகும், வேகம் குறையும், ஆனால் லாக் சரியாக இருக்கும். அந்த ஐந்து விநாடியைச் செலவழித்தவர் ஒருவர். செலவழிக்காமல் அடுத்தவரிடம் தாவிவிட்டு, செவ்வாய்க்கிழமை ஹெட்போன் மாட்டிக்கொண்டு திருத்துபவர் இன்னொருவர். இருவர் லாகும் கடைசியில் ஒரே மாதிரி தெரியும் என்றால் முதலாமவர் உழைப்புக்கு என்ன மதிப்பு?

நீங்கள் மோர்ஸ்காரர், உங்களுக்கே தெரியும். எஸ் மூன்று டிட் (புள்ளி), எச் நான்கு, 5 ஐந்து. க்யூ.எஸ்.பி. விழுந்து, அதாவது சிக்னல் மங்கி, ஒரு டிட் கரைந்துபோனால் ஆளே மாறிவிடுவார். அதைக் காதால் பிடிக்கத்தானே இத்தனை வருடம் பழகினோம்?

நேரத்தை யு.டி.சி.யாக மாற்றுவது இதில் சேராது. நோட்டில் அந்த நேரத்தில் எழுதியதை விதி கேட்கிற அமைப்பில் தருகிறோம், அவ்வளவுதான். நோட்டில் 22 சொன்னதாக இருந்து கோப்பில் 41 என்று தட்டிவிட்டதை 22 ஆக்குவதும் அப்படியே. நோட்டில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவருவதுதான் கூடாது. தம்பி, அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அந்த மூன்று கால்சைன்களுக்கும் இரண்டு வழி. எழுதியது எழுதியபடியே விடலாம். தப்பென்றால் அந்த க்யூ.எஸ்.ஓ. போகும், மேற்கொண்டு தண்டப் புள்ளியும் கழியும். அல்லது அந்த வரியின் தொடக்கத்தில் க்யூ.எஸ்.ஓ. என்பதற்குப் பதில் எக்ஸ்-க்யூ.எஸ்.ஓ. என்று போடலாம். அந்த வரி உங்கள் கணக்கில் சேராது.

டூப்ளிகேட்டுகளைத் தொடாதீர்கள். அவற்றுக்குப் புள்ளி இல்லை, தண்டமும் இல்லை. முதல் தடவை உங்கள் கால்சைனை அவர் தப்பாக எழுதியிருக்கலாம், அதனால்தான் இரண்டாம் தடவை அழைத்தாரோ என்னவோ. அந்த வரியை நீங்கள் எடுத்துவிட்டால் அவருக்கு அது 'எதிர் லாகில் இல்லை' என்று ஆகிவிடும்.

---

மஞ்சக்குப்பம் மோர்ஸ்
30 அக்டோபர், காலை 8.03

ஐந்து விநாடி பற்றிச் சொன்னது மனதில் பதிந்தது. சரி, ஒத்துக்கொள்கிறேன். எக்ஸ்-க்யூ.எஸ்.ஓ. வரி எனக்கே புதுச் செய்தி.

---

வில்லியனூர் 15 மீட்டர்
30 அக்டோபர், பகல் 1.20

'எதிர் லாகில் இல்லை' என்றதும் எனக்கு நடந்தது ஞாபகம் வந்தது, சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ரிக்கையும் (ரேடியோவையும்) லேப்டாப்பையும் இணைக்கும் கேபிள் வேலை செய்யவில்லை. பரவாயில்லை, பேண்டை நானே மாற்றிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். ரிக்கில் 14-லிருந்து 21 மெகாஹெர்ட்ஸுக்குப் போனேன். ஜப்பான் நன்றாகத் திறந்திருந்தது, வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். மென்பொருளில் பேண்டை மாற்ற மறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் போல 21-ல் பேசியதெல்லாம் 14 என்று பதிவாயிற்று. நான் கவனிக்கவே இல்லை, ரோபோவும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிக்கும், 14 மெகாஹெர்ட்ஸும் சரியான பேண்டுதானே.

மாதங்கள் கழித்து லாக் செக்கிங் ரிப்போர்ட் மின்னஞ்சலில் வந்தது. திறந்தால் 'லாகில் இல்லை' என்று ஒன்றின் கீழ் ஒன்றாக 31 வரி. எல்லாம் ஜப்பான், எல்லாம் அதே ஒரு மணி நேரம். முதலில் கோபம் வந்தது, இத்தனை பேரும் என்னை எழுதாமல் விட்டார்களா என்று. அப்புறம் பேண்ட் கட்டத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவர்கள் எல்லோரும் என்னைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

ஐயா 'அப்புறம் சொல்கிறேன்' என்றது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் காண்டெஸ்ட்டில் நாம் ஒவ்வொருவரும் இன்னொருவர் லாகுக்குச் சாட்சி. ஐரோப்பாவில் இருக்கும் ஒருவருக்கு நம் ஒரு க்யூ.எஸ்.ஓ. மூன்று புள்ளி மட்டும் இல்லை. அந்த பேண்டில் அவருக்கு இந்தியா புது நாடாக இருந்தால் ஒரு பெருக்கல், ஜோன் 22 புதிதாக இருந்தால் இன்னொரு பெருக்கல். தூக்கம் விழித்து நம்மைத் தேடிப் பிடித்திருப்பார். தம்பியின் 27 வரிகளும் அப்படி 27 பேர்.

---

முத்தியால்பேட்டை டைபோல்
30 அக்டோபர், பகல் 2.45

அம்மா, நான் சொல்ல நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

---

பாகூர் ஏரிக்கரை (புதுச்சேரி)
30 அக்டோபர், மாலை 5.10

கெடு எப்போது என்று யாரும் எழுதவில்லை. காண்டெஸ்ட் முடிந்து ஐந்து நாள். அக்டோபர் 31, யு.டி.சி. 2359. நமக்கு நவம்பர் 1 சனிக்கிழமை காலை 5.29. அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் நிற்கும்.

ஆனால் கடைசி இரவு வரை வைத்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் சி.டபிள்யூ. காண்டெஸ்ட் நவம்பர் 23, 24. கெடு நம் நேரத்தில் 30-ம் தேதி காலை 5.29. அந்த 30-ம் தேதிதான் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த நாள். நான் 412 க்யூ.எஸ்.ஓ. வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி நிதானமாகப் பார்த்து அனுப்பலாம் என்று ஐந்து நாளும் தள்ளிப் போட்டேன். வெள்ளி மாலையே எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. லாக் டெஸ்க்டாப்பில், யு.பி.எஸ். பேட்டரி செத்துக் கிடந்தது. பென்டிரைவில்கூட ஒரு காப்பி இல்லை. மழை அடித்துக்கொண்டிருந்தது, ஆன்டெனா மாஸ்ட்டை இறக்குவதா லாகைப் பார்ப்பதா என்ற நிலைமை. அந்த லாக் போகவே இல்லை. நம் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதையும் தள்ளிப் போடக் கூடாது என்று 2011-ல் 'தானே' புயல் வந்ததிலிருந்து தெரியும், இருந்தும் தள்ளிப் போட்டேன்.

இப்போது காண்டெஸ்ட் முடிந்த திங்கட்கிழமை காலையே, குளிப்பதற்கு முன் ஒரு காப்பியை அனுப்பிவிடுகிறேன். திருத்தம் இருந்தால் அப்புறம் மறுபடி.

நவம்பர் 1 என்றதும் ஒரு செய்தி. புதுச்சேரி விடுதலை நாள் அது. ஹாம் கணக்கில் ஒரு காலத்தில் நம் புதுச்சேரி தனி நாடு. பிரெஞ்சிந்தியா, எஃப்.என்.8 என்ற கால்சைன் முன்னொட்டு. 1954 அக்டோபர் 31 வரை பேசியதுதான் அந்தக் கணக்கில் செல்லும். நவம்பர் 1-லிருந்து இந்தியா. நீக்கப்பட்ட நாடுகள் பட்டியலில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

---

முதுநகர் புதியவன்
30 அக்டோபர், இரவு 11.36

இப்போதுதான் எழுந்து வந்து சொல்கிறேன். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 143 வரியையும் முதலிலிருந்து ஒப்பிட்டேன். அப்பா நோட்டை வாசித்தார், நான் திரையில் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் அதிர்வெண், பி.எச். (குரல்) என்ற மோடு, தேதி, நேரம், என் கால்சைன், 59 என்ற சிக்னல் மதிப்பு, 22, அவர் கால்சைன், 59, அவர் ஜோன். முதல் வரி 21295, பி.எச்., 2025-10-25, 0342. சனி காலை 9.12-க்கு ஒரு ஜப்பான்காரர், ஜோன் 25. அவர் என் கால்சைனை மூன்று தடவை கேட்டு வாங்கினார். அந்த ஐந்து விநாடியின் அருமை இப்போது புரிகிறது.

ஞாயிறு அதிகாலை 27 வரி, திங்கள் அதிகாலை 19 வரி, எல்லாம் ஒரு நாள் பின்னால் போய்விட்டது. டூப்ளிகேட்டுகள் நான்கும் இருக்கின்றன. கேட்டகரி வரியில் அசிஸ்டெட், லோ. மூன்று சந்தேகக் கால்சைன்களில் இரண்டை நோட்டில் இருப்பதுபோலவே விட்டேன். ஒன்றில் கடைசி எழுத்தையே நான் எழுதவில்லை, அது எக்ஸ்-க்யூ.எஸ்.ஓ. ஆடியோவைக் கேட்கவில்லை.

வாசிக்கும்போது அப்பா இன்னொன்றைக் கண்டுபிடித்தார். ஒரு பக்கத்தின் நடுவில் 28 மெகாஹெர்ட்ஸ் என்று தலைப்பு எழுதிக் கோடு போட்டிருக்கிறேன். எக்செல்லில் தட்டும்போது அந்தக் கோட்டைப் பார்க்காமல் ஆறு வரிகளை 21-லேயே போட்டிருந்தேன். வில்லியனூர் அக்கா எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் பேண்ட் கட்டத்தை அவரிடம் வாசிக்கச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

இரவு 11.20-க்கு அப்லோட் செய்தேன். ஒரு குறையும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. உறுதி மின்னஞ்சல் வந்துவிட்டது. புள்ளி வரியில் என் கணக்கு சரிதானா என்று தெரியவில்லை.

---

வில்லியனூர் 15 மீட்டர்
31 அக்டோபர், வெள்ளி, காலை 6.15

புள்ளி வரியைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர்கள் திரும்பக் கணக்கிடுவார்கள். அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். தொடர்புகளை உறுதிசெய்யும் எல்.ஓ.டி.டபிள்யூ. தளத்துக்கும் இந்தக் கோப்பையே அனுப்பலாம், அதை ஓய்வாகச் செய்யலாம். அடுத்த தடவை லேப்டாப்பிலேயே லாக் செய்யுங்கள். என்1எம்.எம். என்ற லாக் மென்பொருள் இலவசம்தான், நேரம் யு.டி.சி.யிலேயே ஏறும். நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும். அப்பாவுக்கு என் வணக்கம்.

---

முத்தியால்பேட்டை டைபோல்
31 அக்டோபர், காலை 7.02

வந்து சேர்ந்த லாகுகளின் பட்டியலில் உங்கள் கால்சைன் இருக்கிறது தம்பி, இப்போதுதான் பார்த்தேன். ரிப்போர்ட் வர மாதங்கள் ஆகும். வந்ததும் இந்த இழையிலேயே போடுங்கள், என்ன போயிற்று, ஏன் போயிற்று என்று வரி வரியாக உட்கார்ந்து பார்ப்போம். 73 (வாழ்த்துகள்).